சோதனைக்கு வைத்த நம்பர்

கோவிந்தராஜனுக்குச் சம்பளமே போன்களை உடைப்பதற்குத்தான் என்று குடியாத்தத்தில் அவன் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். பாதி உண்மைதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொண்டுவரப் போகிற புது செல்போனைக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஓயாமல் வேலை வாங்கி, அது எப்போது மூச்சு முட்டி நிற்கிறது என்று பார்ப்பது அவன் வேலை. பெங்களூர் தொம்மலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஏசி அறையில், நீள மேஜை மேல் ஐந்து மாதிரிப் போன்கள் வரிசையாகக் கிடக்கும். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, அவை மாற்றி மாற்றி ஒரு நம்பரைக் கூப்பிடும், கொஞ்சம் மணி அடிக்க விடும், தானே கட் செய்யும், மறுபடி கூப்பிடும். ஞாயிறு, தீபாவளி எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான்.

அவை கூப்பிடுகிற நம்பரும் ஆபீஸ் நம்பர்தான். அந்த சிம்மைப் போட்ட பழைய போன் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. கிடந்தது என்றால் கிடந்ததுதான், பல மாதமாக யாரும் அதைத் தொடவில்லை. அதற்கு ரீசார்ஜ் செய்ய வேண்டியவன் கோவிந்தராஜன். வாயே திறக்காத போனுக்கு எதற்கு ரீசார்ஜ் என்று விட்டுவிட்டான். கூப்பிடுகிற போன் ஹேங் ஆகிறதா இல்லையா என்பதுதானே கேள்வி, எதிர்முனை இருந்தால் என்ன, போனால் என்ன! அதோடு அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற சோதனையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். கை வைத்தவன் தலையில்தான் அடுத்த கோளாறு விடியும். ஆகவே நம்பர் எழுதினபடியே இருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் ஜூன் மாதத்தில் மாதிரிப் போன்கள் ஹேங் ஆக ஆரம்பித்தன. திரை அப்படியே உறைந்துவிடும். எந்தப் பொத்தானுக்கும் அசையாது. பாட்டரியைப் பிடுங்கிப் போட்டால்தான் உயிர் வரும். போனுக்கு மென்பொருள் எழுதுகிற நோயல் அது தன் தப்பே இல்லை, சோதனை நடத்துகிறவர்கள் தப்பு என்று பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். காக்ஸ் டவுன்காரன், பிடிவாதக்காரன், ஆனால் கெட்டிக்காரன். கம்ப்யூட்டரில் விழுந்திருந்த சோதனைப் பதிவுகளை உட்கார்ந்து படித்த பிறகு அவனே இறங்கி வந்தான். இந்தப் பக்கம் அழைப்பைக் கட் செய்கிற அதே நொடியில் அந்தப் பக்கமும் கட் செய்தால் போன் குழம்பிப் போகிறது, நிச்சயமாகக் கோளாறு தன்னுடையதுதான் என்றான். பிறகு அவனே சிரித்தான்.

"ஆனா மச்சி, இழுப்பறைக்குள்ள யாரு உக்காந்து கட் பண்றது?"

கோவிந்தராஜனும் சிரித்தான். வெளிநாட்டிலிருந்து அவனைப் பாராட்டி ஒரு மெயில் வந்திருந்த நேரம் அது. இத்தனை பேர் கண்ணில் படாத கோளாறு இவன் சோதனையில் அகப்பட்டிருக்கிறது என்று மேலே உள்ளவர்கள் வரை பேச்சு. சிரிப்புக்குக் கேட்பானேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் அந்த இழுப்பறையைத் திறந்தான். பழைய போன் பாட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டுப் பார்த்தால் சிம்மே வேலை செய்யவில்லை. ரீசார்ஜ் செய்யாததால் சிம் கம்பெனிக்காரன் எப்போதோ நம்பரைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருக்கிறான். அப்படியானால் இத்தனை நாளாக மணி அடித்தது யார் வீட்டில்? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மேஜையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காதில் வைத்தான். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஒரு பெண்.

"யாருங்க நீங்க? எதுக்குங்க இப்பிடிப் பண்றீங்க? எங்க வூட்டுக்காரரு என்னத் தப்பா நெனைக்கிறாருங்க. ஒரு வார்த்த பேசுங்களேன். ராங் நம்பர்னாவது சொல்லுங்க."

கோவிந்தராஜன் கட் செய்தான். யோசித்துச் செய்யவில்லை, விரல் செய்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு செய்தது யோசித்துச் செய்தது. அதற்குத்தான் அவனால் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது.

சோதனையை அப்போதே நிறுத்தியிருக்கலாம். கையை நீட்டினால் பொத்தான். ஆனால் கோளாறை முழுசாகப் பிடிக்க, போன் இன்னொரு தடவை ஹேங் ஆகிற நேரத்துப் பதிவு வேண்டும் என்று நோயல் கேட்டிருந்தான். திங்கட்கிழமை வெளிநாட்டுக்குப் பதில் போக வேண்டும். எதிர்முனையில் ஆபீஸ் போன் எதை வைத்தாலும் கோளாறு வராது, அதற்குக் கட் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளாக அவனே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் குடியாத்தத்துக்கு பஸ், ஞாயிறு காலையில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. பெங்களூரில் ராங் நம்பர் வராத வீடு உண்டா, இரண்டு நாள்தானே, ரொம்பத் தொந்தரவாக இருந்தால் அந்த அம்மா போனை அணைத்து வைக்கட்டுமே என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்தார்கள். பெண் நன்றாகத்தான் இருந்தாள். ஏதாவது பேசுங்களேன் என்று யாரோ தூண்டிவிட, அவள் நிமிர்ந்து, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். கோவிந்தராஜன் கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தான். கம்ப்யூட்டர் என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது நோயல் கேட்ட பதிவு கிடைத்திருந்தது. கோவிந்தராஜன் முதல் வேலையாகச் சோதனையை நிறுத்தினான். பாவத்தைக் கழுவியாயிற்று என்று அவன் நாற்காலியில் சாய்வதற்குள் மேஜை மேலிருந்த போன்களில் ஒன்று வெளிச்சம் போட்டது. வருகிற அழைப்பைத் தானாக எடுத்துக்கொள்ளும்படிதான் அந்தப் போன்களை எல்லாம் வைத்திருந்தார்கள். எடுத்தது. உள்ளிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கொசு மாதிரி கத்தியது. கத்துகிறவன் தினமும் இப்படித் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறான் என்பது அந்தக் கத்தலிலிருந்துதான் கோவிந்தராஜனுக்குப் புரிந்தது. அவனைப் பொறுத்தவரை தினமும் இந்தப் பக்கம் யாரோ எடுத்திருக்கிறார்கள், பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவனுக்குக் கேட்டதெல்லாம் ஏசி ஓடுகிற சத்தம்தான். பெண்டாட்டியின் போனில் ஓயாத மிஸ்டு கால், திருப்பி அடித்தால் ஆம்பிளைக் குரல் கேட்டதும் வாயடைத்துப் போகிற ஒருத்தன். எவன்தான் சந்தேகப்பட மாட்டான்?

அப்போதும் பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கோவிந்தராஜன் போனை எடுத்து, இது ஒரு ஆபீஸ், மிஷின் செய்த தப்பு என்று தன் பெயரோடு சொன்னான்.  பிறகு வந்த வசவுகளை இங்கே எழுத வேண்டாம். அசோகன், ஜீவனஹள்ளி, டெம்போ டிரைவர் என்பது அந்த வசவுகளுக்கு நடுவே தெரிய வந்தது. மனைவி விஜி ஒக்கலிபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். தைரியம் இருந்தால் அங்கே வந்து அவள் எதிரில் சொல்லு என்றான். போகாதே, உதை வாங்குவாய், நம்பரை மாற்றிவிட்டு வேலையைப் பார் என்று நோயல் தடுத்தான். கோவிந்தராஜன் ஒரு மாதிரிப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஒக்கலிபுரம் வீடு ரயில் சத்தம் விடாமல் கேட்கிற ஒற்றை அறை. விஜியின் அம்மா சந்திரம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள், பிறகு என்ன நினைத்தாளோ விலகினாள். அசோகன் முன்பே வந்து உள்ளே நின்றிருந்தான், விஜி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காக்ஸ் டவுனில் நாலு வீட்டில் சமையல் செய்கிறவள். அந்த வீடுகளிலிருந்து கூப்பிடுவதற்காகத்தான் போன் வாங்கியது, அணைத்து வைத்தால் வேலை போய்விடும். இதைச் சொன்னது சந்திரம்மா. அணைத்து வைக்கட்டுமே என்று தான் எழுதிய தீர்ப்பு கோவிந்தராஜனுக்கு அங்கே நாறியது. விஜியின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அவன் அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

கம்ப்யூட்டர் இல்லாமலே அதே நம்பரைக் கூப்பிடும்படி ஆபீஸிலேயே அமைத்துக் கொண்டுவந்த மாதிரிப் போனைத் தரையில் வைத்துக் காட்டினான். யாரும் தொடாமலே அது கூப்பிட்டது. அசோகன் பிடுங்கித் தன் பையில் வைத்திருந்த விஜியின் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. இப்படி ஐந்து போன்கள் என்று விளக்கினான். அசோகன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அஞ்சு நம்பரைப் பார்த்து அஞ்சு பேர் என்றல்லவா நினைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மிஷினு விஜி. பாத்தியா, வெறும் மிஷினு. சும்னே, ஒண்ணுமில்லாததுக்கு நாம சண்ட போட்டுக்கினோம். எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

விஜி எழுந்திருக்கவில்லை. அவள் பார்த்தது கோவிந்தராஜனை.

"சனிக்கெழம நான் எடுத்துப் பேசினேங்க. அதையும் மிஷின்தான் கேட்டுச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அசோகனுக்கு நிம்மதி, சந்திரம்மாவுக்கு நிம்மதி, ஒருவேளை அவளுக்கும்கூட. பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வீங்கின கன்னத்தை இப்போது நேராகப் பார்த்துவிட்டதால் அது வெளியே வரவில்லை.

"இல்லீங்க. நான் கேட்டேன்."

"அப்பறம் எப்ப நிறுத்தினீங்க?"

"இன்னிக்கிக் காலையிலதாங்க. வேலை முடியணும்னு விட்டுட்டேன்."

 விஜி கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "நேத்துதாங்க இவரு என்ன அடிச்சு இங்க கொண்டாந்து வுட்டாரு. அதுக்கு முன்ன கை வெச்சதில்ல."

அசோகன் பாய்ந்து கோவிந்தராஜனின் சட்டையைப் பிடித்தான். எல்லாம் உன்னால்தான், உன் ஒருத்தனால்தான் என்று உலுக்கினான். ஓங்கின கையைப் பார்த்ததும் கோவிந்தராஜனுக்குப் பயத்தைவிட ஆறுதல்தான் வந்தது. அடி விழட்டும், கணக்கு நேராகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"அவர வுடு," என்றாள் விஜி. "போன் பண்ணது அவரு. கை உன்னுது."

ஓங்கின கை தானாக இறங்கியது. சந்திரம்மா கதவை அகலத் திறந்து வைத்தாள், இரண்டு ஆம்பிளைகளும் வெளியே போவதற்கு. தெருமுனை வரை சேர்ந்து நடந்தார்கள். அங்கே ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள்.

அந்த வாரமே நோயல் கோளாறைச் சரிசெய்துவிட்டான். சரிதானா என்று பார்க்க அதே சோதனையை ஓட்ட வேண்டும், எதிர்முனையில் ஒரு ஆள் உட்கார்ந்து கையால் கட் செய்ய வேண்டும். காண்டிராக்டில் யாரையாவது போடலாம் என்றார்கள். கோவிந்தராஜன் தானே செய்வதாகச் சொன்னான். இழுப்பறைப் போனுக்குப் புது சிம் வாங்கிப் போட்டு, மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான்.

முதலில் அது வேலையாகத்தான் இருந்தது. அடித்தது, கட் செய்தான். அடித்தது, கட் செய்தான். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனால் அடித்தது. ஒருத்தர் வந்து ஏதோ கேட்க, பதில் சொல்வதற்குள் இரண்டு தடவை அடித்தது. எழுந்து பாத்ரூமுக்குப் போனால் அங்கேயும் காதுக்குள் அடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் முறைப்படி கட் செய்வதை விட்டு, கோபத்தில் கட் செய்துகொண்டிருந்தான். அடுத்த மணி எப்போது என்று காத்திருப்பதுதான் மணியைவிடக் கொடுமையாக இருந்தது. போனை ஒரு தடவை அணைத்தே விட்டான். அவளால் அணைக்க முடியவில்லை என்பது நினைவு வந்ததும் மறுபடி போட்டான். போட்ட கையோடு அடித்தது.

இந்தத் தடவை அவன் கட் செய்யவில்லை. எடுத்துக் காதில் வைத்தான். எது கூப்பிடுகிறது என்று தெரியும், கூப்பிடுகிற போன் அதே மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. தெரிந்தும் வாய் கேட்டுவிட்டது.

"யாருங்க?"

அந்தப் போன் அவன் பேச்சை வாங்கி, அரை நொடி தாமதித்து, அவன் காதுக்கே திருப்பி அனுப்பியது. யாருங்க என்று யாரோ கெஞ்சுவது போல இருந்தது. பிறகு ஏசி ஓடுகிற சத்தம்.

ஹேங் ஆகிவிட்டதா என்று நோயல் தன் இடத்திலிருந்தே கேட்டான். இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்று கோவிந்தராஜன் சொன்னான். ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்க அவனுக்கு வெகு நேரம் ஆயிற்று.