இரைச்சல் இல்லாத கிட்டார்

அசோக்குமார் வாங்கிய எந்த கிட்டாரும் வாங்கிய மேனிக்கு ஒரு வாரம் இருந்ததில்லை. பெட்டியைப் பிரித்ததும் எடுத்து வாசித்துப் பார்ப்பான் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. முதலில் ஸ்குரூ டிரைவர்தான் அவன் கைக்கு வரும். பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே ஓடும் ஒயர்களைப் பார்த்து, "என்ன லட்சணத்துல ஒயரைச் சால்டர் வச்சு ஒட்டியிருக்கான் பாரு" என்று பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சில் துளி வருத்தம் கிடையாது. எல்லாம் சந்தோஷம்தான்.

அவன் வாங்குவதெல்லாம் பேஸ் கிட்டார். நாலே தந்தி, அதுவும் தடித்த தந்தி. பாட்டில் மேளத்துக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம் நடந்துகொண்டே இருக்குமே, அது இதிலிருந்து வருவதுதான். யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் நின்றுபோனால் பாட்டு வெறிச்சென்று ஆகிவிடும். ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான, பேர் தெரியாத கம்பெனிச் சரக்காகப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவான். விலை கூடியதை வாங்கினால் அதில் இவனுக்கு என்ன வேலை இருக்கிறது?

மதுரை கே.கே. நகரில் இன்வெர்ட்டர் விற்றுப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் அவன் சூப்பர்வைசர். எந்த வீட்டுக்குப் போனாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பான். அந்தப் புத்தி கிட்டாரிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மலிவு கிட்டார்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஸ்பீக்கரில் மாட்டினால் சும்மா இருக்கும்போதே உர்ர் என்று இரையும். அந்த இரைச்சலை ஒழிப்பதுதான் அசோக்குமாரின் லட்சியம். கட்டையின் உள்குழி முழுக்கச் செம்புத் தாள் ஒட்டினான். ஒயரை எல்லாம் மாற்றினான், தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருளை மாற்றினான். தந்திகள் தலைமாட்டில் தங்குகிற பிளாஸ்டிக் துண்டு பிடிக்காமல், கறிக்கடையில் சொல்லிவைத்து எலும்பு வாங்கிவந்து, வேகவைத்து, ராவிப் பொருத்தினான். வேகவைத்தது வீட்டுக் குக்கரில். அந்தக் குக்கர் அதன்பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை, கிட்டார் ரூமிலேயே ஸ்குரூ போட்டுவைக்க உதவுகிறது.

அவன் மனைவி சுபலட்சுமி தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கத்துகிற ஆள் கிடையாது, கேள்வி கேட்கிற ஆள். "ஆறு வருசமா அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னமோ நடக்குது. ஒரு பாட்டு, முழுசா ஒரே ஒரு பாட்டு, நான் கேட்டதில்ல. எப்பத்தாங்க வாசிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று அசோக்குமார் சொன்னான். அது அவனுக்கே நொண்டிச் சாக்காகப் பட்டது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, சுபா உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு யார் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன.

அதற்குத் தோதாகத்தான் பேரையூர்க் கல்யாணம் வந்தது. சுபலட்சுமியின் அண்ணன் அழகுபாண்டி மக்காச்சோளம் வாங்கி விற்கிறவர். வாயும் கையும் பெரிசு. மகள் கல்யாண வரவேற்புக்கு மதுரையிலிருந்து பாட்டுக் கச்சேரி வைத்தார். குழுவை நடத்துவது அசோக்குமாரின் கல்லூரிக் கூட்டாளி சூரியபிரகாஷ். கீபோர்டு வாசிக்கிறவன். அவன் குழுவில் பேஸ் வாசித்த ஆள் சிங்கப்பூர் போனதிலிருந்து, பேஸையும் அவனே கீபோர்டில் இடது கையால் வாசித்துச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"நான் வாரேன்டா. பேஸ் நான் வாசிக்கிறேன்" என்றான் அசோக்குமார்.

"மாப்ள, நெசமாவா? அப்ப என் இடது கைக்கு அன்னைக்கு லீவுடா!"

அஞ்சு பாட்டு என்று பேச்சு. ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு தட்டித் தட்டிப் பழகினான். பழகிய நேரத்தில் பாதியை மறுபடி அந்தப் பின்பக்க மூடியைக் கழற்றியே தொலைத்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போகிற அன்று காலையில்கூட எர்த் ஒயரை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கிட்டார் செத்த பிணமாக அமைதியாக இருந்தது. திருப்தி.

மண்டபத்தில் அழகுபாண்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ள! அந்தக் கட்டையைச் செதுக்கி முடிச்சுட்டீங்களா, இல்ல இன்னும் இழைப்பு பாக்கியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அசோக்குமாரும் சிரித்துவைத்தான். இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள் மச்சான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

மேடையில் ஒயர்களை மாட்டும் நேரத்தில் மாப்பிள்ளை அழைப்பு வந்து சேர்ந்தது. நாதஸ்வரமும் தவிலும் மண்டபத்தை நிறைத்தன. அந்தச் சத்தத்தில் வாசித்துச் சோதிக்க வழியில்லை. சவுண்டு சர்வீஸ் ஆள் காளை, தன் வழக்கப்படி செய்தான். ஊர் ஊராகத் திருவிழாவும் கல்யாணமும் பார்த்தவன் அவன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேடையிலிருந்து தன் மிக்சருக்கு வரும் ஒயர்களை ஒவ்வொரு லைனாகத் திறந்து கேட்பான். உர்ர் என்று இரைந்தால் லைனில் உயிர் இருக்கிறது. இரையாவிட்டால் செத்த லைன், மூடிவிட வேண்டியது. கீபோர்டு இரைந்தது. மைக்குகள் இரைந்தன. கிட்டார் லைனைத் திறந்தான். ஒன்றுமே இல்லை. மேடையைப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்துக் காட்டினான்.

அசோக்குமாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆறு வருஷ உழைப்பை முதன்முதலில் ஒருவன் புரிந்துகொண்டான்! கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். செத்த லைனுக்கு இந்த மனிதர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று காளைக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பெண் வீட்டுச் சொந்தம் என்று சொன்னார்களே, போட்டோவுக்கு நிற்கிறார் போல என்று தானே ஒரு முடிவுக்கு வந்தான். கல்யாண மேடைகளில் அப்படி நிற்கிறவர்களும் உண்டு. லைனை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான்.

பாட்டு ஆரம்பித்தது. அசோக்குமார் விரல் வைத்த இடத்திலெல்லாம் தும் தும் என்று சத்தம் எழுந்தது. பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கர்களிலிருந்து அது வந்து அடிவயிற்றில் இடித்தது. நானா வாசிக்கிறேன் என்று அவனுக்கே ஆச்சரியம். முதல் வரிசையில் சுபலட்சுமி உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடின. அழகுபாண்டி நாலு பேரிடம் கையை நீட்டி, "நம்ம மாப்ளதான்!" என்று சொல்வது வாயசைவிலேயே தெரிந்தது.

நாலாவது பாட்டின் நடுவில் தோள்வார் கழன்றது. கிட்டார் சரிந்து கீழே போகப் பார்த்தது. அசோக்குமார் பதறி, இரண்டு கையாலும் அதைப் பிடித்தான்.

தும் தும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். சூரியபிரகாஷின் இடது கை கீபோர்டின் ஓரத்தில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அசோக்குமாருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் என்ன செய்வது? வாரை மாட்டிக்கொண்டு, வராத சத்தத்துக்கு விரலை அசைத்துக்கொண்டே நின்றான். முதல் வரிசைப் பக்கம் பார்க்கவேயில்லை.

பாட்டு முடிந்ததும் இறங்கி நேராகக் காளையிடம் போய், கிட்டார் சத்தம் ஏன் வரவில்லை என்று கேட்டான்.

"அய்யய்யோ, அது உசுரோடயா இருக்கு? லைன் செத்துக் கெடக்குன்னுல மூடிட்டேன்" என்று காளை தலையில் கைவைத்தான். "உர்ருன்னு ஒரு சத்தங்கூட இல்லையே அண்ணே. எம்புட்டுக் கச்சேரி பாத்திருக்கேன், இரையாத கிட்டாரை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"அது இரையக் கூடாதுன்னுதான் தம்பி நான் ஆறு வருசமா..." என்று ஆரம்பித்த அசோக்குமார் அந்த லைனைக் கைகாட்டினான். "தெறந்து விடு" என்றான்.

மேடைக்கு வந்து சூரியபிரகாஷிடம், "ஒன் இடது கையை எடுத்து மடியில வையி" என்றான்.

"பேஸ் சத்தமே வரல, நீ பதட்டத்துல வாசிக்காம நிக்கிறேன்னு நெனச்சுல்லடா சமாளிச்சேன். வீட்டு மாப்பிள்ளை, ஒன் மானம் போயிரக் கூடாதேன்னு."

"தெரியும்டா. இப்ப எடு."

அந்த நேரம் பார்த்துத்தான் அழகுபாண்டி மைக்கை வாங்கினார். "பந்தி ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்!" என்றார். அவ்வளவுதான். மண்டபமே எழுந்து கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தது. சுபலட்சுமியும் எழுந்தாள். பெண்ணுக்கு அத்தை அவள். பந்தியை நின்று கவனிக்காவிட்டால் ஊர் பேசும். மேடையை ஒருதரம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

"இனி யாருக்குடா? ஒப்புக்கு ஒண்ணை ஓட்டிட்டுக் கட்டுவோம்" என்றான் சூரியபிரகாஷ்.

கிட்டாரைக் கழற்றி வைத்துவிடலாமா என்று அசோக்குமாருக்கும் தோன்றியது. யாருக்காக இத்தனையும் செய்தானோ அவளே போய்விட்டாள். காலி நாற்காலிகளைப் பார்க்கையில் அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் காளை லைனைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆரம்பியுங்கள் என்று தலையாட்டினான். அசோக்குமார் தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினான். இது வேறு சத்தம். கரகரப்பில்லாமல், அகலமாக, மண்டபத்தின் கோடிவரை போய்த் திரும்பியது. இது தன்னுடையது என்பதில் இப்போது சந்தேகமில்லை. அஞ்சாவது பாட்டை வாசித்தான். நடுவில் தடுமாறினான், சமாளித்தான், வியர்த்து வழிந்தான், முடித்தான். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அப்போதும் எழவில்லை.

கை கழுவிவிட்டுக் கீழே பந்தியில் உட்கார்ந்தான். பந்தி பரபரப்பில் சுபலட்சுமி அப்பளத் தட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் அவன் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

"கடைசிப் பாட்டு மட்டுந்தான நீங்க வாசிச்சீங்க?" என்றாள், பக்கத்து இலைக்குக் கேட்காத குரலில்.

அவன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்தான். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரு மாசமா செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். ஏறி எறங்குற எடம் வந்தா ஒரு அடி பிந்துவீங்க, எந்தப் பாட்டா இருந்தாலும். மேல உக்காந்து நாலு பாட்டு கேட்டேன், ஒரு எடத்துலயும் பிந்தல. சரி, இது இவரு இல்லன்னு நெனச்சேன். இங்க வந்து எலை போட்டுக்கிட்டு இருக்கைல பிந்துச்சு."

ஆறு வருஷத்தில் அசோக்குமாருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. கண் கலங்கியது, ரசத்தின் மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டான்.

"நல்லா இருந்துச்சா?"

"பிந்துனது போக மிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி, இலையில் அப்பளத்தை வைத்துவிட்டு அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.