பல்லக்காவின் ரிமோட்

பல்லக்காவுக்குக் கோபமே வராது என்று அவள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சரியாகப் பார்க்காதவர்கள் சொல்வது அது. அவளுக்கு வண்டி வண்டியாகக் கோபம் வரும். வந்ததையெல்லாம் மென்று விழுங்கிவிடுவாள், அவ்வளவுதான். ஒருநாள் விழுங்காமல் துப்பினாள். அதைத்தான் சொல்லப் போகிறேன், கண்ணுகளா. நெருங்கி உட்காருங்கள்.

முதலில் அவள் தொழில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, பல்செட் செய்து கொடுப்பவள். அதனால்தான் பல்லக்கா. வீட்டு முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேசை, வளைக்கிற கழுத்துள்ள ஒரு விளக்கு, ராவி மெருகு போட ஒரு சின்ன மெஷின். செதுக்கும் கத்தியை இடது கையில்தான் பிடிப்பாள். பிறவியிலேயே இடதுகைக்காரி. "பீச்சாங்கையால குடுக்காதே, பீச்சாங்கையால எழுதாதே" என்று அம்மா புறங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தாள். சாப்பிடுவது மட்டும் வலது கைக்கு மாறியது. மற்றதெல்லாம் மாறவில்லை.

அவளுக்கு ஒரு அண்ணன். தெரு முழுக்க அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். விமான நிலையத்தில் வேலை. பெட்டி ஏற்றிய வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து இழுத்துக்கொண்டு போகுமே ஒரு டிராக்டர், அதை ஓட்டுகிறான். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்று பழகியவன், விமானத்தைப் பற்றி எல்லாமே தனக்குத்தான் தெரியும் என்று பேசினால் என்ன செய்வது?

அதைவிடப் பெரிய தொல்லை அவனுடைய கைராசி. சின்ன வயதில், வீட்டில் பாடாமல் கிடந்த ரேடியோவை அவன் ஒரு தட்டுத் தட்டினான், பாடிவிட்டது. போயிருந்த கரண்ட் திரும்பி வந்த நேரத்தில்தான் அவன் தட்டினான் என்று அப்பா அப்போதே சொன்னார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எது புதிதாக வந்தாலும் முதலில் அவன் கை படவேண்டும். பல்லக்கா அழுது கேட்டு வாங்கிய சைக்கிளை முதலில் அவன்தான் ஓட்டினான். திரும்பி வந்தபோது அதில் மணி இல்லை. அவள் சொந்தமாகப் பட்டறை போட்ட அன்று, மெஷினை அவன்தான் போட்டான். சட்டைக் கை சிக்கி, பெல்ட் அறுந்தது. "போகட்டும், கண்ணேறு கழிஞ்சுது" என்றாள் அம்மா. அந்த வீட்டு ராசிக் கணக்கு அப்படி. நல்லது நடந்தால் அவன் கை, கெட்டது நடந்தால் ஊர்க் கண்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் ரிமோட் விமானம் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தாள். முழு விமானம் இல்லை. காகிதம் போல லேசான பால்சா மரப் பலகைகள், அதில் வெட்டி வைத்த துண்டுகள், பெரிய வரைபடம் ஒன்று, கம்பி, மோட்டார். நாமேதான் ஒட்டிச் சேர்க்கவேண்டும்.

அவள் கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். பக்கத்து சீட்டில் தனியாக ஒரு பிரேக் வைத்த காரில் நாள் முழுக்க உட்கார்ந்து, யார் எப்படி ஓட்டினாலும் முகம் மாறாமல் இருக்கப் பழகியவர். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"நான் செய்யற பல்லு எதுவும் கடிக்கறதை நான் பாத்ததே இல்ல," என்றாள் அவள். "செஞ்சு முடிச்சதும் யாரோ வாய்க்குள்ள போயிடுது. ஒரு பொருளாவது என் கண்ணு முன்னாடி அதோட வேலையைச் செய்யட்டும். என் கையால."

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் மேசையைத் துடைத்து வரைபடத்தை விரிப்பாள். பசை ஒட்டாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். அதன்மேல் இறக்கையின் விலாத் துண்டுகளைக் குண்டூசி குத்தி நிறுத்துவாள். ஒரு விலா மயிரிழை தூக்கியிருந்தாலும் விடமாட்டாள். பல்செட்டில் மயிரிழை தூக்கியிருந்தால் போட்டவர் ஈறு புண்ணாகிவிடும், அந்தப் பழக்கம். எலும்புக்கூடு முடிந்ததும் மேலே போர்த்துகிற பளபளப்பான தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுத்து ஒட்டினாள். சிவப்பு இறக்கை, வெள்ளை உடம்பு. கடைசியில் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். மூக்கும் சாயவில்லை, வாலும் சாயவில்லை. மட்டமாக நின்றது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பைக் கணவர் மட்டும்தான் பார்த்தார்.

அப்புறம் ரிமோட். அதில் இரண்டு ஸ்டிக். சாதாரணமாக இடது ஸ்டிக்தான் மோட்டாருக்குப் பவர் கொடுக்கும். வலது ஸ்டிக்தான் ஏற்றும், இறக்கும், திருப்பும். நுணுக்கமான வேலையெல்லாம் வலது கைக்கு. பல்லக்கா முதுகு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி, செட்டிங்கையும் மாற்றினாள். இப்போது பவர் வலது கையில், ஓட்டுவது இடது கையில். ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் சொருகி, திரையில் ஓடும் பொம்மை விமானத்தை வைத்துப் பழகினாள். முதலில் மரத்தில் மோதினாள், வீட்டுக் கூரையில் மோதினாள். கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் தரையைக் காலால் மிதித்துக்கொண்டிருப்பார். போகப் போக மோதுவது நின்றது.

ஊர் ஓரத்துக் காலி மைதானத்துக்குக் கிளம்புகிற காலையில், அம்மா அண்ணனோடு வாசலில் நின்றாள்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"உன் வீட்டுக்காரர்தான் போன்ல சொன்னார். நல்ல காரியம், அண்ணன் இல்லாம எப்படி?"

கணவர் அவசரமாகக் கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மைதானத்தில் புல் வெட்டியிருந்தது. பல்லக்கா பேட்டரியை மாட்டி, இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்கள் ஸ்டிக்குக்குச் சரியாக அசைகின்றனவா என்று பார்த்து, விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் தரையில் நிறுத்தினாள். நிமிர்ந்து ரிமோட்டை எடுத்தபோது அண்ணன் கை நீண்டிருந்தது.

"குடு."

"அண்ணா, இது முதல் தடவை. நான் ஓட்டறேன்."

"முதல் தடவைங்கறதாலதான் கேக்கறேன். ராசிக்கு ஒரு சுத்து. அப்புறம் நீ நாள் முழுக்க ஓட்டு, யார் வேண்டாம்னா?"

"குடுத்துடேன்டி," என்றாள் அம்மா. "எதுக்கு நிக்க வெச்சுட்டு வாதாடறே?"

"அம்மா, ரிமோட் இடது கைக்கு மாத்தினது. அவனுக்குப் பழக்கம் வராது."

"ஏய், நான் விமானத்துக்கு நடுவுலேயே பொழைக்கிறவன்," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அதை அவள் கையிலிருந்து உருவினான். உருவினான் என்றுதான் சொல்லவேண்டும். வாங்கினான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எது பவர்? வலதா? சரி, தெரியும் தெரியும்."

வலது ஸ்டிக்கைத் தள்ளினான். விமானம் புல்லில் ஓடிற்று, எழும்பிற்று. அம்மா கைதட்டினாள். அதுவரைக்கும் ராசிதான்.

தன்னோடு வேலை பார்க்கிற ஒருவனிடம் ரிமோட் விமானத்தை அவ்வப்போது வாங்கி ஓட்டியிருக்கிறான் அண்ணன். அது சாதாரண ரிமோட். வாய் "தெரியும்" என்று சொன்னது, கைக்குத் தெரியவில்லை. இன்னும் மேலே ஏற்ற நினைத்து, பழகிய மாதிரியே வலது ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தான். இந்த ரிமோட்டில் அது பவர். மோட்டார் அடங்கிற்று. விமானம் தொய்ந்தது. பதறிப்போய், பவர் கொடுக்கிறேன் என்று இடது ஸ்டிக்கை முன்னால் தள்ளினான். இந்த ரிமோட்டில் அது மூக்கைக் கீழே குத்துவது.

"விடு! ரெண்டு கையையும் எடு!" என்று பல்லக்கா கத்தினாள். அவன் இன்னும் அழுத்தித் தள்ளினான்.

காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அவ்வளவு லேசான பொருளுக்கு அவ்வளவு லேசான சத்தம்தான்.

"ரிமோட்டையே தலைகீழா பண்ணி வெச்சிருக்கா!" என்றான் அண்ணன், அம்மாவைப் பார்த்து. "எவனால ஓட்ட முடியும் இதை?"

"பீச்சாங்கைப் பழக்கம் வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மகளின் தோளைத் தொட்டாள். "போகுது விடு. அவன் கைக்கே இப்படின்னா, உன் கையில இருந்திருந்தா என்ன ஆயிருக்கும், நினைச்சுப் பாரு!"

கேட்டீர்களா? எனக்கு இப்போது சொல்லும்போதே காது சூடாகிறது.  பல்லக்கா ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போய், புல்லுக்குள் மண்டியிட்டு, ஒரு சிராய்கூட விடாமல் பொறுக்கினாள்.

வீடு வந்து கதவைச் சாத்தியதும் கணவரிடம்தான் முதலில் திரும்பினாள்.

"உங்க கார்ல யாராவது ஸ்டீயரிங்கைப் பிடுங்கினா என்ன செய்வீங்க?"

"பிரேக்கை மிதிப்பேன்."

"என் கையிலேருந்து பிடுங்கினப்ப கால் மரத்துப் போச்சா?"

"உங்க அண்ணன்… உங்க அம்மா வேற நின்னாங்க… நடுவுல நான் எப்படி…"

"அவங்களைக் கூப்பிட்டதே நீங்கதானே!"

 அன்றிரவு அவருக்குச் சாப்பாடு கிடைத்தது. தட்டு வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

உடைந்த பல்செட்டை ஒட்டிக் கொடுப்பதும் அவள் தொழில்தானே. துண்டுகளை மேசைமேல் பரப்பி, எது எதோடு பொருந்தும் என்று முறிவைப் பார்த்துச் சேர்த்தாள். நசுங்கிப்போன மூக்கை மட்டும் புது மரத்தில் செதுக்கினாள். இந்தத் தடவை கோபத்தோடு செதுக்கினாள். கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். அவளுக்கு நடுங்கவில்லை, இன்னும் கூர்மையாயிற்று. சிவப்புத் தாள் போதாமல் ஒரு இறக்கையில் பச்சை ஒட்டுப் போட்டாள். அசிங்கமாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுபடி மைதானத்துக்குப் போகிற அன்று கணவர் யாருக்கும் போன் செய்யவில்லை. அவளே செய்தாள்.

"அம்மா, அண்ணனையும் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரும் பாக்கணும்."

வந்தார்கள். அண்ணன் வரும்போதே கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "அன்னிக்குக் காத்து சரியில்ல. இன்னிக்குப் பாரு. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வலது பவர், இடது…"

அவன் கை நீண்டது. கணவர் குறுக்கே வந்து, காலால் தரையில் ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றார். "மச்சான், அந்தக் கோட்டுக்கு அந்தாண்டை நில்லுங்க."

"என்ன மாப்ளே, புதுசா?"

"பிரேக்கை மிதிச்சிருக்கேன்," என்றார் அவர்.

பல்லக்கா வலது கட்டைவிரலால் பவரைத் தள்ளினாள். ஒட்டுப்போட்ட விமானம் ஓடி, தயங்கி, தரையை விட்டது. இடது கட்டைவிரல் அதை மெல்ல வளைத்தது. சிவப்பும் பச்சையுமாக அது அவர்கள் தலைக்குமேல் திரும்பியபோது வயிற்றில் இருந்த தழும்பெல்லாம் தெரிந்தது. அவள் செய்தது அவள் கண் முன்னால் கடித்தது, காற்றை.

"மேல ஏத்து! அந்தப் பக்கம் திருப்பு! ஏய், மரம் இருக்குடி!" அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை.

"வாயை மூடுண்ணா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியாது; விமானத்திலிருந்து கண்ணை எடுத்தால் அது போய்விடும். வானத்தைப் பார்த்தபடியே, வாழ்நாள் கோபத்தை முதல்தடவையாக வெளியே விட்டாள்.

"என் சைக்கிள் மணி எங்கே? சொல்லு. என் மெஷின் பெல்ட்டை யாரு அறுத்தது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பு என் மேலன்னு சொல்லியிருக்கியா?"

"பைத்தியமாடி உனக்கு? சைக்கிள் மணியா இப்ப…"

"ஏய், அண்ணன்டி அவன்!" என்றாள் அம்மா.

"நீயும் பேசாதேம்மா. ராசியாம் ராசி! கரண்ட் வந்ததுக்கு அவன் ராசியா? இந்தக் கையை எத்தனை தட்டு தட்டியிருக்கே? பாரு இப்ப. இந்தக் கைதான் ஓட்டுது. நல்லா பாரு!"

விமானம் வளைந்து வளைந்து போயிற்று. ஒரு வளைவுகூடப் பிசகவில்லை.  முகத்தைப் பார்க்காமல் திட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கெஞ்சவும் முடியாது, முறைக்கவும் முடியாது. கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கவேண்டியதுதான்.

ரிமோட் கீச்சிட்டது. பேட்டரி தீரப் போகிறது, இறக்கவேண்டும். பவரைக் குறைத்துக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவந்தாள். சக்கரம் புல்லைத் தொட்டது, ஒரு குதி குதித்தது, மறுபடி தொட்டபோது ஒரு மேட்டில் தடுக்கி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. 'டக்'கென்று ஏதோ தெறித்தது.

"பாத்தியா! பாத்தியா!" அண்ணன் கோட்டைத் தாண்டி ஓடினான். தெறித்து விழுந்த மூக்கு விசிறித் துண்டைப் பொறுக்கி உயரே தூக்கிக் காட்டினான். "ப்ரொப்பெல்லர் போச்சு! நான் சொன்னேனே!"

பல்லக்கா நடந்து போய், அந்த உடைந்த துண்டை அவன் விரலிலிருந்து எடுத்தாள். உருவவில்லை, எடுத்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"போச்சு," என்றாள். "என் கையால போச்சு."

துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாற்றுக்கென்று கொண்டுவந்திருந்த புதுப் ப்ரொப்பெல்லரை இடது கையால் முடுக்க உட்கார்ந்தாள். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள்.

"தள்ளி நில்லும்மா," என்றாள் பல்லக்கா. "வெளிச்சத்தை மறைக்கறே."