பேசினால் ஏறும் சார்ஜ்

நூலகத்தை ஒட்டி நட்டிருந்த சார்ஜிங் கம்பம், வண்டிக்காரர் பேசிக்கொண்டிருந்தால் மட்டுமே மின்சாரம் கொடுத்தது. பேச்சு நின்றால் திரையில் ஓடும் எண்ணும் நின்றுவிடும். சோதிக்க வந்த பொறியாளர் மூன்று நாள் அதைக் கழற்றி மாட்டினார். தன் மாமனாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வேலை பார்த்ததால் பழுது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. நன்றாக இயங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊராரும் பழகிக்கொண்டார்கள். சலூன்காரருக்குப் பத்தே நிமிடத்தில் வண்டி நிரம்பிவிடும், அவர் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே. வானொலியை வைத்துப் பார்த்தவர்களும், தங்களுக்குப் பதிலாக மச்சானைப் பேசவிட்டவர்களும் ஏமாந்தார்கள். பொய்க்கும் ஏறும், ஆனால் பாதி வழியில் இறங்கிவிடும் என்பதை ஊராட்சித் தலைவர் மூலமாக ஊர் தெரிந்துகொண்டது.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஊமைக்கோட்டான் என்று பெயரெடுத்த தச்சர் இருந்தார். விலை கேட்டால்கூடப் பலகையில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் மனைவியிடம் அவர் பேசியதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்காகப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனைவியின் சிறுநீரகங்கள் கைவிட்டதும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காக நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துப் போனார். சில மாதங்களில் அந்த வழித்தடப் பேருந்தையே நிறுத்திவிட்டார்கள். பட்டறையில் இருந்த மரத்தையெல்லாம் விற்றுப் பழைய மின்சார வேன் ஒன்று வாங்கினார். வீட்டில் சொருகினால் ஃபியூஸ் போனது. அந்தக் கம்பத்தை விட்டால் வேறு வழியில்லை.

முதல் நாள் காலை, கால் வீங்கிப்போன மனைவியை முன் இருக்கையில் உட்காரவைத்து வந்தார். பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். பிளக்கைச் சொருகினார். பிறகு ஒரு பலகையில் 'சார்ஜ் வேண்டும்' என்று எழுதிக் கம்பத்தின் முன்னால் தூக்கிப் பிடித்தார். கால் மணி நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். எண் அசையவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், ஏதாவது பேசுங்கண்ணே என்று பின்னால் நின்ற சலூன்காரர் கெஞ்சினார். தச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈரப்பலகை வெயிலில் வளைவதைப் பற்றிப் பேசினார். அப்புறம் கீல், அப்புறம் திருகாணி. எட்டு சதவீதத்தில் சரக்கு தீர்ந்துபோனது.

"விடுங்க. ஒரு நாள் போகலன்னா ஒண்ணும் ஆயிடாது," என்றார் மனைவி ஜன்னல் வழியாக.

ஆகிவிடும் என்று இருவருக்குமே தெரியும். தச்சர் கம்பத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"பட்டறைல ஒரு நாற்காலி இருக்கே, தினமும் துடைச்சு வைப்பியே. அதை யாரும் செய்யச் சொல்லல. கல்யாணமான வருஷம் உனக்காகத்தான் செஞ்சேன். நீ தூங்குறப்ப நூல் வச்சு அளந்தேன்."

எண் பதினைந்தைத் தாண்டியது.

"யாரோ வாங்க வருவாங்கன்னு நான் ஒரு நாள்கூட அதுல உக்காரலியே."

"தெரியும். தினமும் சொல்லிடலாம்னு நினைப்பேன், வாய் வராது. நீ இல்லாமப் போயிட்டா அந்த நாற்காலிய நான் எப்படிப் பார்ப்பேன்?"

மனைவி அழுதார். தச்சர் நிறுத்தவில்லை. பதினெட்டு வருடத்துப் பேச்சு வரிசையாக வந்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் மருத்துவமனை வாசலில் நின்றது.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. சிகிச்சை நாட்களில் அந்த நாற்காலியும் வேனில் ஏறி வந்து கம்பத்தின் அருகில் இறங்குகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் குட்டை. அந்த அம்மாவுக்கு மட்டும் பாதம் தரையில் சரியாகப் படிகிறது. எண் நூறைத் தொட்ட பிறகும் தச்சர் பேசிக்கொண்டே இருக்கிறார். வரிசையில் அடுத்ததாக நிற்கும் சலூன்காரர், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், வாயே திறப்பதில்லை.