தொடையில் கை ஊன்றி எழுபவள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இந்தோனேசியாவின் சோலோ நகரில் என் பக்கத்து வீட்டுப் பெண் வெனிங், நோன்புப் பெருநாள் முடிந்து வந்து சொன்னதைக் கேட்டு, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வெனிங்...

(அடித்துவிட்டேன். மழையா இப்போது முக்கியம்?)

2

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வெனிங்குக்கு முதுகுவலி. மகள் லாரஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள்.

"முதுகெலும்பு நல்லாத்தான் இருக்கு" என்ற டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தரையில உக்காந்தா எப்படி எந்திரிப்பீங்க?"

"தொடையில கை ஊனித்தான். எங்கப்பாவும் அப்படித்தான் எந்திரிப்பாரு."

முதுகுத் தசை பாதி கொழுப்பாக மாறியிருந்தது. பரம்பரைத் தசைநோய். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. குணமாக்க மருந்தில்லை, பிள்ளைக்கும் வரலாம். நோயைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

3

இனி மாமியார் சுகார்ஸிஹ். (இவரை நல்லவராக்கிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.)

பெருநாளன்று எல்லோரும் வரிசையாக வந்து, அவர் முன் மண்டியிட்டு, மடியில் தலைவைத்து மன்னிப்புக் கேட்பார்கள். வெனிங் எழும்போது வருடாவருடம் அதே பேச்சு: "மன்னிப்புக் கேக்கவும் சோம்பலா? மகாராணியைத் தூக்கிவிட ஆள் வைக்கணும்போல."

என்ன அநியாயம் இது! நோயாளியை மண்டியிட வைத்து, எழுந்ததற்கும் திட்டு. கூடமே சிரிக்கும். கணவன் ஹெந்த்ரோவும் சிரிப்பான்.*

* அவனைப் பற்றி எழுதிய பத்தியை நீக்கிவிட்டேன். அச்சில் ஏறாது.

4

இந்தப் பெருநாளில் மகள் லாரஸ் மண்டியிட்டாள். எழும்போது தொடையில் கை ஊன்றினாள்.

"அம்மா மாதிரியே வந்து வாய்ச்சிருக்கு, சோம்பேறி" என்றார் மாமியார். கூடம் சிரித்தது.

வெனிங் உண்மையைச் சொன்னால் மகள்மேல் விழுந்த 'சோம்பேறி' உதிர்ந்துவிடும். 'வம்சத்துக்குள்ள நோயைக் கொண்டு வந்தவ' என்பது தன்மேல் ஒட்டிக்கொள்ளும். நாளை லாரஸைப் பெண் கேட்டு வருபவர்கள் காதிலும் விழும்.

முடிவு ஒன்று: "அது சோம்பல் இல்ல அத்தை, நோய். என்கிட்டேருந்து போனது" என்கிறாள். மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழ...

(பொய். அந்த அம்மாள் அழமாட்டார்.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு கறிக்குழம்பு பரிமாறப் போகிறாள். (இதை எழுத எனக்கு மனசில்லை.)

5

நடந்தது வேறு. வெனிங் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே லாரஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உனக்கு எடுத்தாங்கல்ல, அந்தப் படம். எனக்கும் எடுக்கணுமா?"

சிரிப்பு நின்றது. "என்ன படம்?" என்றார் மாமியார்.

வெனிங் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அந்தக் கூடத்தில் சிரித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நீங்களும் யாரையாவது பார்த்து அப்படிச் சிரித்திருந்தால், பதிலை நீங்களே சொல்லுங்கள். பிள்ளை காத்துக்கொண்டு நிற்கிறாள்.