ஆறு சம்பளச் சீட்டு

கவுண்டி என்று சொல்லும் எங்கள் மாவட்டத்தில் எதை அழிக்கிறார்களோ அதன் பெயரையே அங்கே எழும்பும் கட்டடத்துக்கு வைப்பார்கள். ஷுல்ட்ஸ் குடும்பத்தின் ஆப்பிள் தோப்பை வேரோடு பிடுங்கிவிட்டு நாற்பது வீடுகளோடு மூன்று மாடி கட்டினார்கள். பெயர், ஆப்பிள் தோப்பு. வாசலில் நட்டிருப்பது ஏதோ முள்செடி. அரசாங்கச் சலுகையில் கட்டியதால் சம்பளம் குறைந்தவர்களுக்கு மட்டும்தான் வீடு. தனி ஆள் என்றால் வருடத்துக்கு நாற்பதாயிரத்து எண்ணூறு டாலருக்கு மேல் வருமானம் இருக்கக் கூடாது. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வாடகை எழுநூற்று இருபது. வெளியே அதே அளவு வீடு ஆயிரத்து முந்நூறுக்குப் போகிறது.

எல்லாம் ஊருக்கு மேற்கே சோளக்காட்டின் நடுவில் கட்டிக்கொண்டிருக்கும் டேட்டா சென்டர் என்கிற கணினிக் கிடங்கு செய்த வேலை. கட்டுவதற்கு வெளியூரிலிருந்து இரண்டாயிரம் பேர் வந்திருக்கிறார்கள். கட்டி முடித்தபின் அங்கே அறுபது பேருக்குத்தான் வேலையாம். வந்தவர்களுக்குத் தங்கும் செலவைக் கம்பெனி கொடுக்கிறது. கேட்ட வாடகையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். போன வருடக் கவுண்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதற்கு வளர்ச்சி என்று பெயர் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். இங்கே யார் எதைச் சொன்னாலும் கை தட்டுவோம், வீட்டுக்குப் போய்த்தான் திட்டுவோம்.

என் பெயர் ரோண்டா. ஊரின் முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வயதானவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டி விடுவது. குடியிருந்தது சக்கர வீடுகள் நிற்கும் டிரெய்லர் பேட்டையில். வீடு என் சொந்தம், அது நிற்கிற மண் மட்டும் வாடகை. பேட்டையை எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி வாங்கியது. முந்நூற்றுப் பத்தாக இருந்த மண் வாடகை அறுநூற்று எண்பத்தைந்து ஆனது. சக்கரத்தில் வந்த வீடுதானே, நகர்த்திக்கொண்டு போ என்பார்கள். முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்று அடிச்சட்டம் துருப்பிடித்த வீடு அது. நகர்த்தினால் சாலையிலேயே இரண்டாக உடையும்.

என்னோடு வேலை செய்கிறவள் டார்சி. ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனால் நாங்கள் வாடி போடிதான். எல்ம் தெருவில் ஒரு வீட்டில் பதினேழு வருடம் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரக் கிழவர் செத்ததும் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவன் இப்போது அறைக்கு நான்கு கட்டடத் தொழிலாளிகளை வைத்து வாரக் கணக்கில் வசூலிக்கிறான். டார்சி தன் அக்கா வீட்டு நிலவறைக்குப் போனாள். அக்காவும் வரி கட்ட முடியாமல் வீட்டை விலை பேசிவிட்டாள். பிப்ரவரி ஒன்றாம் தேதி சாவியைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே டார்சிக்கு ஆப்பிள் தோப்பு கிடைத்தே ஆக வேண்டும். செப்டம்பரில் எழுதிப் போட்டிருந்தாள். வீடுகளெல்லாம் நிரம்பிவிட்டன, யாராவது விலகினால் கூப்பிடுகிறோம், காத்திருப்போர் வரிசையில் உங்கள் எண் ஒன்று என்று கடிதம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அதை என்னிடம் காட்டினாள்.

"பாத்தியாடி, ஒண்ணு! பள்ளிக்கூடத்துலகூட நான் எதுலயும் ஒண்ணு வாங்கினதில்ல."

நான் சிரித்தேன். என் பைக்குள்ளும் அதே மாதிரி ஒரு கடிதம் இருந்தது. எண் இரண்டு. நான் எழுதிப் போட்டதை அவளிடம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எனக்கு வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வெட்கம். அதோடு என் சம்பளம் வருடத்துக்கு நாற்பத்தோராயிரத்து அறுநூறு. வரம்பைத் தாண்டிய சம்பளம். சும்மா போட்டு வைத்ததுதானே, கிடைக்கவா போகிறது என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில் நானே அவளிடம் போய் நின்றேன். அவள் இல்லத்தில் இருக்கும் லப்பர்ஸ் தாத்தாவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டார்சி, டிசம்பர் முதல் வாரத்துல என் பொண்ணுக்குப் பிரசவம். ரெண்டு வாரம் சம்பளமில்லாம லீவு சொல்லியிருக்கேன். என் ஷிஃப்ட்ல மூணு நாளைக்கு மட்டும் ஆள் கிடைக்கல. நீ ஏற்கெனவே அலுத்துப்போயிருப்ப, இருந்தாலும்..."

"எந்தெந்த நாள்னு சொல்லு."

"உன் கால் வேற வீங்கியிருக்கு."

"கால் வீங்கினா பெரிய செருப்பா வாங்கிக்கறேன். பொண்ணு பிள்ளை பெத்துக் கிடப்பா, நீ இங்க நின்னு இந்தக் கிழவன் காலைப் பிடிச்சுட்டு இருப்பியா? போடி. நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயி என்ன செய்யப்போறேன்? அக்கா வீட்டு வாஷிங் மெஷின் பக்கத்துல படுக்கறேன். அது சுத்தறப்ப என் கட்டிலும் சேந்து சுத்துது."

லப்பர்ஸ் தாத்தா, "நான் கிழவனா?" என்றார்.

"இல்ல ராஜா, நீ புது மாப்பிள்ளை" என்று அவர் கன்னத்தைத் தட்டினாள்.

மூன்று ஷிஃப்ட். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி என்பதால் அறுநூற்று அறுபத்தாறு டாலர் வந்தது. வரி போக ஐந்நூறு சொச்சம்.

ஜனவரி இரண்டாம் வாரம் யாரோ விலகி, ஆப்பிள் தோப்பில் ஒரு வீடு காலியானது. டார்சியைக் கூப்பிட்டார்கள். மறுநாள் வேலைக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்ததுமே, கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. துணி மடிக்கும் அறையில் எதிரும் புதிருமாக நின்று துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"கடைசி ஆறு சம்பளச் சீட்டைத்தான் பாக்கறாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு சீட்டு, அந்தப் பன்னண்டு வாரச் சம்பளத்தை அப்படியே வருஷத்துக்குப் பெருக்கிடறாங்க. மூணு நாள் கூடுதலா செஞ்சேன்ல, அதை வருஷம் பூரா செய்யப்போறேன்னு கணக்கு. வரம்பைவிட ஐந்நூத்தி அறுபத்தாறு டாலர் ஜாஸ்தியாம்."

நான் கேட்டேன், "அது ஒரு தடவைதான்னு நீ சொல்லலையா?"

"தோப்பு ஆபீஸ்ல இருக்கிற கென்ட்ராவே கேட்டா. நல்ல பொண்ணு. 'இந்த மாதிரி கூடுதல் வேலை இனிமேலும் வருமா, இல்ல இது ஒரு தடவையோட சரியா?'ன்னு. ஆள் குறைஞ்சா கூப்பிடுவாங்க, கூப்பிட்டா போவேன்னு சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? வரமாட்டேன்னா? நாளைக்கு நீயே வந்து நின்னா நான் மாட்டேன்னு சொல்லுவேனா?" என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அவ இன்னொரு தடவைகூடக் கேட்டா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னா. யோசிச்சுத்தான் சொன்னேன்."

இல்லை, இனி வராது. இந்த மூன்று சொல் போதும், அவளுக்கு வீடு. அந்தப் பெண் கிட்டத்தட்ட வாயில் ஊட்டி விட்டிருக்கிறாள். ஆனால் யாராவது உதவி கேட்டால் மாட்டேன் என்பேன் என்று, இன்னும் வராத ஒரு நாளைப் பற்றிக்கூட, ஒரு தாளில் எழுதிக் கொடுக்க இவளுக்கு நா எழவில்லை. எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. அது அவள் மேல் வர வேண்டிய ஆத்திரம் இல்லை என்பதும் தெரிந்தது.

"பரவாயில்ல, இதைவிட மோசமாவும் நடந்திருக்கலாம்" என்று துண்டுகளை அடுக்கினாள். எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தாலும் இதைத்தான் சொல்வோம்.

அன்று மாலையே கென்ட்ரா எனக்குப் போன் செய்தாள். எனக்கு முன்னால் இருந்தவருக்குப் பொருந்தவில்லை, நாளைக்குச் சம்பளச் சீட்டுகளோடு வர முடியுமா என்று கேட்டாள். முன்னால் இருந்தவர் யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போனேன். அவள் என் ஆறு சீட்டுகளையும் மேசையில் பரப்பினாள். நடுவில் ஒன்று மட்டும் கிட்டத்தட்ட வெறும் சீட்டு.

"இங்க ரெண்டு வாரம் சம்பளமே இல்லையே?"

"பொண்ணுக்குப் பிரசவம். லீவு போட்டேன்."

"இது ஒரு தடவைதானா, இல்ல இனிமேலும் வருமா? ஒரு தடவைன்னா அதை விட்டுட்டு உங்க வழக்கமான சம்பளத்தைத்தான் நான் எடுத்துக்கணும். அப்படி எடுத்தா வரம்பு..." என்று என்னைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

டார்சியிடமும் இதே நாற்காலியில் வைத்துத்தான் கேட்டிருப்பாள். நான் யோசிக்கவே இல்லை.

"வரும்மா. பொண்ணுக்கு உடம்பு தேறல. அடிக்கடி போக வேண்டியிருக்கும்."

என் மகள் நான்கு வாரக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு முந்தின திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டாள். போகாவிட்டால் அவளுக்கும் வாடகை கட்ட வழி இல்லை. கென்ட்ரா ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். என் பேனா எழுதவில்லை, அவளுடையதைக் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டேன்.

நான் வேண்டாம் என்றிருந்தாலும் டார்சிக்குக் கிடைத்திருக்காது, எனக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள். இது உண்மை. குடிபோகும்வரை பதினைந்து நாளும் ஒரு நாளைக்கு நூறு தடவை இதை எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. டிரெய்லரைப் பேட்டைக் கம்பெனியே ஆயிரத்து இருநூறுக்கு எடுத்துக்கொண்டது. அதை உடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுத்தி இரண்டு மடங்குக்கு விடுவார்கள்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை குடிபோனேன். மதியம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் டார்சி. துண்டில் சுற்றிய கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சீஸும் போட்டு வேகவைத்த சாப்பாடு. இங்கே யார் புது வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும், அது சட்டம் மாதிரி. அதை எந்த அடுப்பில் செய்தாளோ.

"நம்ம இல்லத்துக் கிச்சன்ல பேசிக்கிட்டாங்க" என்றாள். "சொல்லியிருக்கலாம்லடி. நான் வந்து சாமான் தூக்கியிருப்பேன்ல."

"உனக்கு எதுக்குக் கஷ்டம்னுதான்..."

உள்ளே வந்தாள். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சமையல் மேடையைத் தடவினாள், குழாயைத் திறந்து மூடினாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள். வாங்க வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி இடுப்பளவு கிடந்தது.

"தண்ணி நல்லா வருது" என்றாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள். "நீ எத்தனாவது நம்பர்?"

"ரெண்டு."

"அப்படியா."

எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டோம். அப்படியா என்போம்.

நான்தான் கேட்டேன், "அடுத்த சனிக்கிழமையோட கெடு முடியுதே, எங்க போவ?"

"பாத்துக்கலாம். வண்டியில ஹீட்டர் நல்லா வேலை செய்யுது." சிரித்தாள். அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி.

"இங்க வந்து இருடி. சோஃபா சும்மாதானே கிடக்கு."

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். உனக்கு எதுக்குத் தொந்தரவு."

"ஒரு தொந்தரவும் இல்ல. வா."

"இல்லடி. ஒப்பந்தத்துல உன் பேர் மட்டும்தானே இருக்கு. என்னால உன்னையும் வெளிய தள்ளிட்டா?"

எங்கள் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பார்கள், அதுவும் மரியாதை. கொடுப்பவர் மூன்றாவது தடவை சொன்னால்தான் உண்மையாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு, சரி, நீ இவ்வளவு சொல்றதால, என்று வாங்கிக்கொள்வார்கள். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். டார்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் குனிந்து பூட்ஸைப் போட்டாள். ஒரு காலுக்குக் கயிற்றைக் கட்டினாள், பிடிக்காதது போல அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அப்புறம் அடுத்த கால். என் கண் சமையல் மேடையில் கிடந்த ஒப்பந்தத்தின் மேல் போனது. பதினான்கு நாளுக்கு மேல் விருந்தாளி தங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஒன்பதாம் பக்கம். அதில் ஆரம்பித்து மற்றவற்றையும் தோண்டுவார்கள், மகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். வாய் வரை வந்ததை விழுங்கினேன். எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை, பயம்தான்.

டார்சி நிமிர்ந்தாள். கையுறையை மெதுவாக மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்திரத்தைக் கழுவி திங்கக்கிழமை வேலைக்குக் கொண்டுவந்துடறேன்" என்றேன்.

"அவசரமில்லடி. உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "எனக்கு அதை வைக்க இடம் ஏது?"

போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.