பொட்டு ஒட்டாத ஓடை

நான் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மூன்று மூச்சு விடும் நேரம் என்று நினைக்கிறேன். அழகம்மா அக்கா அதைவிட அதிகம் என்கிறார். ஆனால் அவர் என்னைப் பார்த்ததே கடைசியில்தான். யார் நினைவு சரி என்று தெரியாமலேதான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பிரதேச சபையின் வாசிகசாலையில் நான் உதவியாளன். ஆட்கள் அதிகம் வராத இடம். சும்மா இருப்பதற்கும் ஓர் உத்தியோகம் உண்டு என்று அண்ணன் சோலைமலை கேலி செய்வான். சென்ற ஆண்டு சபை, தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காடுகளையும் விலங்குகளையும் காக்க ஒரு திட்டம் தயாரித்தது. திட்ட அலுவலர் யூஜினா மிஸ் பெரிய வரைபடம் ஒன்றை என்னிடம் கொடுத்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விசாரித்துவரச் சொன்னார். சிறுத்தையை நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். புலியைக் கண்ட இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். சிவப்பு விழுந்த இடத்தை வனவிலங்கு அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பொட்டு இல்லாத இடங்களில் ஏதாவது ஒன்றில் பெண்கள் விறகுக்குப் போகும் பாதை அமையும்.

ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ஓர் ஓடை. அங்கே புலியை நானே இரண்டு முறை கண்டிருந்தேன். அண்ணனின் மரக்கறித் தோட்டமும் அதை ஒட்டித்தான் இருந்தது. பன்றி வந்து கிழங்கைத் தோண்டுகிறது என்று ஓடைக்கரையில் கம்பிச் சுருக்குகள் வைத்திருந்தான். அதிகாரிகள் வந்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அண்ணிக்கு அப்போது எட்டாம் மாதம். நான் ஓடையில் பொட்டு ஒட்டவில்லை.

ஒட்டாவிட்டால் அந்த இடத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யூஜினா மிஸ் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, நேராக ஓடையின் மேல் விரல் வைத்தார்.

"இந்தப் பக்கம் ஒன்னுமே இல்லையே. பொம்பளைங்க வெறகுக்கு இப்படியே போகட்டும். தம்பி, நீங்கதானே நடந்து பார்த்தீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையசைத்தேன்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்காகக் கூட்டத்துக்கு வந்திருந்தவர் அழகம்மா அக்கா. "அப்ப ஞாயித்துக்கெழமையே போறோம் மிஸ்," என்றார். "பழைய பாதையில ஏறி ஏறி என் முட்டி பேச ஆரம்பிச்சிருச்சு. இந்தத் தம்பியவிட அது நல்லாப் பேசுது."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று மாலையே அண்ணனிடம் போனேன்.

"கம்பிய எடுத்துருண்ணே. புலி நடமாடுற எடம். ஞாயித்துக்கெழமை பொம்பளைங்க வர்றாங்க."

"ஒனக்கு எலி ஓடுனாலும் புலிதான்டா. நாளைக்கு எடுத்துர்றேன், போ."

சனிக்கிழமை முழுக்க மழை. எடுத்தானா என்று நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

ஞாயிறு காலை, கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி ஓடையின் மேல்கரைக்குப் போனேன். முதல் சுருக்கு வெறுமனே கிடந்தது. வெட்டினேன். இரண்டாவதையும் வெட்டினேன். மூன்றாவதை நோக்கி நடக்கும்போது ஒரு வாடை வந்தது. பிறகு, மரம் அறுப்பது போன்ற சத்தம்.

கொய்யா மரத்தடியில் புலி கிடந்தது. கம்பி இடுப்பை இறுக்கியிருந்தது. சுற்றிலும் மண் பிறாண்டி வாரப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் அது சத்தத்தை நிறுத்தியது. சத்தம் இருந்தபோது எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. அது பேசாமல் பார்த்தபோதுதான் நான் இரண்டடி பின்வாங்கினேன்.

கீழே வளைவுக்கு அப்பால் பெண்களின் பேச்சுக் கேட்டது.

"பாதை எவ்வளவு லேசா இருக்கு பாருங்கடி! இத்தனை நாளா யாருக்கும் இது தெரியலையே!" அழகம்மா அக்காவின் குரல். அவர்தான் முன்னால் வந்துகொண்டிருந்தார்.

கத்தினால் நிற்பார்கள். நின்றால் பார்ப்பார்கள். கம்பி யாருடையது என்று எவரும் கேட்கத் தேவையில்லை. கத்தாவிட்டால் ஓடைக்கு அந்தப் பக்கமாகக் கடந்து போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதை இந்தப் பக்கம்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான்தானே நடந்து பார்த்தவன்.

புலியின் காதுகள் அவர்கள் பக்கம் திரும்பின. உடம்பு தரையோடு தாழ்ந்தது. தலைத்துணி ஒன்று வளைவில் தெரிந்தது. இன்னும் நான் பேசவில்லை. புலிக்கும் அக்காவுக்கும் நடுவே பத்தடி. எட்டடி.

"அக்கா! புலி! வராதீங்க!"

அழகம்மா அக்கா அண்ணாந்து என்னைப் பார்த்தார். "என்னா தம்பி?" என்று என் பக்கமாக ஓரடி வைத்தார்.

அது பாய்ந்தது. கம்பி அதைப் பிடித்து இழுத்தது. அதற்குள் நகம் அவருடைய இடக்கையை எட்டிவிட்டது.

புலியை மயக்க ஊசி போட்டுக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அது செத்தது. கம்பி அண்ணனுடையது என்று பொலிஸில் நான்தான் சொன்னேன். வரைபடத்தில் நான் செய்ததை யூஜினா மிஸ்ஸிடமும் சொன்னேன். அவர் சில மாதங்களில் மாற்றலாகிப் போனார். அண்ணி பூண்டுலோயாவில் தாய்வீட்டில் பெண் குழந்தை பெற்றாள். அண்ணன் தண்டனை முடிந்து அங்கேயே போய்விட்டான். என்னோடு பேசுவதில்லை. அழகம்மா அக்காவுக்கு இடக்கை விரல்கள் மடங்குவதில்லை. கொழுந்து பறிக்க முடியாமல் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் வாசிகசாலையில்தான் இருக்கிறேன்.