துணைக்கு வந்தவர்

டாக்டரம்மாவின் மேசைக்கு எதிரே இரண்டு இருக்கைகள் உண்டு. ஒன்று கை வைத்த நாற்காலி, நோயாளிக்கு. இன்னொன்று முதுகு சாயக்கூட வழியில்லாத ஸ்டூல், துணைக்கு வருகிறவருக்கு. துணைக்கு வந்தவர் சாய்ந்து உட்கார்ந்தால் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார், கூட்டம் தெருவரைக்கும் போய்விடும் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. நல்ல மனுஷிதான், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி ஓர் அவசரம். எதிரே இருப்பவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்த ஆளுக்கான மணியை அடித்துவிடுவார்.

அந்த ஸ்டூலுக்குப் பட்டா வாங்கியவர் போல இத்தனை வருஷமாக உட்கார்ந்தவர் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் ஓட்டப் படித்தார்கள், டாக்டரம்மா உட்பட. காரிலும் அவருக்குப் பக்கத்து சீட்தான். காலடியில் தனக்கென்று ஒரு பிரேக், அடுத்தவர் அடிக்கிற கூத்துக்கெல்லாம் அதை மிதிப்பதே பிழைப்பு. மனைவிக்கு ரத்த அழுத்தம், மகளுக்கு மூச்சிரைப்பு. மாற்றி மாற்றி அழைத்து வருவார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, டாக்டரம்மா சொல்வதையெல்லாம் மண்டையில் ஏற்றிக்கொண்டு போவார். தனக்கென்று ஒரு சளி, ஒரு தலைவலி என்று வந்ததே இல்லை. "மாஸ்டரைப் பாக்கணும்னா நோயே அப்பாயின்ட்மென்ட் வாங்கணும்" என்று வரவேற்பு மேசை அக்கா கிண்டல் செய்வார்.

அன்று மதியம் அவர் தனியாக வந்தார். வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாஸ்டர், வீட்ல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. மாத்திரை எல்லாம் எப்பப்ப போடணும்னு வீட்டுக்காரிக்கே சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே அவளே வந்து வாங்கிப்பா." கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பொண்ணுக்கு திடீர்னு மூச்சு இழுத்துச்சுன்னா, வீட்ல வேற யாரும் இல்லன்னா, யாரைக் கூப்பிடுறது?"

"என்னைத்தான் கூப்பிடணும். ஆனா எதுக்கு இந்தக் கவலை? அதான் நீங்க இருக்கீங்களே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்ன கையோடு மணியையும் அடித்தார். மாஸ்டர் எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"இத்தனை வருஷம் எங்களை நல்லாப் பாத்துக்கிட்டீங்க. நன்றி டாக்டரம்மா."

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். "சரி சரி, வெயில்ல அலையாதீங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அடுத்து வந்தது வயிற்றுவலிக்காரர் ஒருவரும் அவருடைய அக்காவும். தம்பிக்கு வயிறு வலிக்கிறது, பேசுவதெல்லாம் அக்கா. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தம்பி தின்றது, தின்னாதது, தின்றுவிட்டு மறைத்தது எல்லாவற்றையும் ஒப்பித்தார். தம்பி நாற்காலியில் சுருண்டு கிடந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. சற்று முன்பு இந்த நாற்காலி காலியாக இருந்தது. துணைக்கு வந்தவர் இருந்தார், ஆனால் யாருக்குத் துணை?

வயிற்றைத் தட்டிப் பார்க்க நீட்டிய கை அப்படியே நின்றது. எப்போதோ ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் கேட்ட பேச்சு ஞாபகம் வந்தது. உயிரை விட முடிவு செய்கிறவர்களில் நிறையப் பேர் அதற்குச் சில நாள் முன்பு தங்கள் குடும்ப டாக்டரிடம் போகிறார்களாம், வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு. அன்று டாக்டரம்மா பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டினார். நம் ஆட்கள் அப்படி இல்லை, நமக்குத்தான் எல்லாரையும் தெரியுமே என்று நினைத்தார். தெரிந்த லட்சணம் இதுதான்.

போனை எடுத்தார். மாஸ்டரின் எண் அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. மறுபடி, மறுபடி. பிறகு அவர் மனைவியை அழைத்தார்.

"மாஸ்டர் எங்கம்மா?"

"வகுப்புக்குப் போயிருக்கார் டாக்டரம்மா. இன்னைக்குப் பாருங்க, வாட்சைக் கூட கழட்டி மேசை மேல வெச்சிட்டுப் போயிருக்கார். மணி பாத்து வகுப்பு எடுக்கிற மனுஷன், வாட்சை மறந்தா என்ன சொல்றது?" என்று சிரித்தார் அந்த அம்மா.

டாக்டரம்மா குறுக்கிட்டார். "நீங்க உடனே கிளினிக்குக் கிளம்பி வாங்க. வழியில அவரைப் பாத்தா தனியா விடாதீங்க. அவருக்கு உடம்பு சரியில்ல."

"அவருக்கா?"

அந்த ஒரு சொல்லில் இருந்த ஆச்சரியம் டாக்டரம்மாவின் நெஞ்சில் குத்தியது. தானும் அப்படித்தானே இருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. வயிற்றுவலிக்காரரைப் பக்கத்து அறை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். "வெளியே இத்தனை பேர் இருக்காங்களே!" என்று வரவேற்பு அக்கா கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

டிரைவிங் ஸ்கூல் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பெயர்ப்பலகையும் இல்லை. டாக்டரம்மா வாய்விட்டு அழுதுவிட்டார். 'வேண்டாம் மாஸ்டர், வேண்டாம் மாஸ்டர்' என்று சொல்லிக்கொண்டே பின்பக்கத்து மைதானத்துக்கு ஓடினார். மாணவர்கள் ரிவர்ஸ் பழகும் இடம் அது. வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. சுவரோரம் அந்தப் பழைய கார் மட்டும் நின்றது. உள்ளே, பக்கத்து சீட்டில், மாஸ்டர்.

டாக்டரம்மா கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் விழுந்தார்.

"என்ன டாக்டரம்மா, மறுபடி கத்துக்க வந்தீங்களா?" பழைய கிண்டல்தான். குரலில் மட்டும் உப்பு இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இத்தனை வருஷ வைத்தியத்தில் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடுமோ? ஆகாது, நேராகக் கேட்பதுதான் நல்லது என்று படித்திருக்கிறார். படித்தது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பது வேறு.

"மாஸ்டர், செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா."

"எப்போ?"

"இன்னைக்கு."

 டாக்டரம்மா எழுந்து ஓடவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. எப்படி என்றும் கேட்டார். அவர் சொன்னார். அது நமக்கு வேண்டாம். அதற்கென்று அவர் வைத்திருந்ததை டாக்டரம்மா கேட்டு வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார் என்பது மட்டும் போதும்.

"ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல" என்றார் மாஸ்டர். "தூக்கம் போச்சு. சோறு மண்ணு மாதிரி இருக்கு. பிரேக்ல கால் வெக்கவே மனசில்ல டாக்டரம்மா. எல்லாரும் எங்கயாவது போய் முட்டட்டும்னு தோணுது. அப்படித் தோணுற ஆளு பிள்ளைங்க பக்கத்துல உக்காரலாமா? அதான் ஸ்கூலை மூடிட்டேன். வீட்ல சொல்லல. தினமும் கிளம்பி வந்து இங்கயே உக்காந்திருக்கேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொல்லத்தான் வந்தேன்." அவர் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தார். கோபம் இல்லை, குறை இல்லை. "நீங்க மணி அடிச்சிட்டீங்க."

  டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை நாடி பார்க்கக்கூடத் தொடாத கை அது. வியர்த்துச் சில்லென்றிருந்தது.

"இன்னைக்கு உங்களைத் தனியா விடமாட்டேன்" என்றார். "என்கூடப் படிச்சவ ஒருத்தி மனநல டாக்டரா இருக்கா. சாயங்காலமே அவகிட்ட கூட்டிட்டுப் போறேன். இது நோய்தான் மாஸ்டர், மருந்து இருக்கு. இப்போ கிளினிக்குக்குப் போவோம். சாவியைக் குடுங்க, நான் ஓட்டுறேன்."

"நீங்களா?" என்றார் மாஸ்டர். சாவியைக் கொடுத்தார்.

டாக்டரம்மா ஓட்டுவது எப்போதுமே சுமார்தான். அன்று கண்ணில் நீர் வேறு. சந்தை முனையில் வலப்புறமிருந்து வந்த லாரியைக் கவனிக்கவே இல்லை. கார் சடக்கென்று நின்றது. லாரிக்காரர் வாயில் வந்ததைத் திட்டிவிட்டுப் போனார். டாக்டரம்மாவின் கால் பிரேக்கில் இல்லை. மாஸ்டரின் காலடியில் இருந்த பிரேக் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய கால் என்று கேட்பவர் போல. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்னால் ஹாரன் அலறியது. அலறட்டும் என்று டாக்டரம்மா காத்திருந்தார்.

கிளினிக்கில் கூட்டம் முணுமுணுத்தது. டாக்டரம்மா யாருக்கும் பதில் சொல்லாமல் அவரை உள்ளே அழைத்துப் போனார். மாஸ்டர் பழக்கத்தில் ஸ்டூலுக்குத்தான் போனார். டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தவர், மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தார். டாக்டரம்மா மணியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

கதவு திறந்தது. மாஸ்டரின் மனைவி, கையில் அந்த வாட்ச், மூச்சு வாங்க உள்ளே வந்தார். வழக்கம்போல நேராக நாற்காலியை நோக்கி வந்தவர், அதில் கணவர் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க ஸ்டூல்ல உக்காருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கு நீங்கதான் துணை."